அத்தான் கையிலிருக்கும் ரேடியோ

செப்டம்பர் 3

இன்னைக்கும் சண்டை. வயர்லெஸ் பத்தித்தான். எங்க வீட்டுல வேற எதுக்குச் சண்டை வரப்போவுது.

போன வாரம் காத்து மாறுதுன்னு கரையிலேர்ந்து எல்லா போட்டையும் கூப்பிட்டாங்க. எல்லாரும் பதில் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் கிளீட்டஸ் ஸ்ராங்கா இருந்து ஓட்டுற போட்டு மட்டும் ஊமை. நான் கடற்கரையில நின்னு செபமாலை உருட்டி உருட்டி விரல் தேஞ்சதுதான் மிச்சம். மறுநாள் ஆடி அசைஞ்சு வந்து இறங்குறாரு, பெட்டி பெட்டியா கணவாய் மீனோட. ஏன் வயர்லெஸ்ஸ அணைச்சீங்கன்னு கேட்டா என்னைப் பைத்தியக்காரி மாதிரி பாக்குறாரு.

"மடை அம்புட்டதும் வயர்லெஸ்ஸ அணைக்காதவன் ஒரு ஸ்ராங்கா, டெல்பினே? ஒரு வார்த்தை பேசுனா போதும். சத்தம் எவ்வளவு தெளிவா கேக்குன்னு பாத்தே, கிட்டத்தான் நிக்கான்னு கண்டுபிடிச்சிருவானுவ. விடியுமுன்ன நாப்பது போட்டு வந்து சுத்தி நிக்கும், பாத்துக்கோ."

நான் வேலை பாக்குற ஜெராக்ஸ் கடை முதலாளி இனாமாக் குடுத்த டைரிக்கு மடைன்னா என்னன்னு தெரியாது. அதனால எழுதி வைக்கேன். கடலுக்கடியில பாறை. அதுல மீன் வந்து அடையும். அதைக் கண்டுபிடிச்சவன் கூடப்பொறந்தவன்கிட்டயும் சொல்ல மாட்டான். எங்க அப்பா எந்தத் திசையில மடை இருக்குன்னு எங்க அம்மாகிட்டகூட சொன்னதில்ல. சாவும்போதும் அதைக் கூடவே கொண்டுபோயிட்டாரு. இதைப் பெருமையாச் சொல்லுறதுக்கு இந்த ஊருல ஆள் இருக்கு.

செப்டம்பர் 8

கடையில கூட்டம் இல்ல. கம்ப்யூட்டர்ல ரேடியோ பாத்தேன்.

வயர்லெஸ் பேசும், அதனால அணைக்கிறாங்க. செரி. பேசாம கேக்க மட்டும் செய்யுற ஒண்ணு இருந்தா? ரேடியோ அதுதானே! இந்தப் புத்தி எனக்கு ஏன் இத்தனை வருஷம் வரலன்னு தெரியல.

செல்போன்ல ரேடியோ இருக்கேன்னு முதலாளி சொல்லுறாரு. அவரு கடலைக் கரையிலேர்ந்து மட்டுமே பாத்தவரு. செல்லுல வர்றது எஃப்எம். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே அது கொர கொரன்னு செத்துரும். நடுக்கடல்ல கேக்கணும்னா மீடியம் வேவ் வேணும். அந்தப் பழைய காலத்துக் குரல்தான் தண்ணி மேல ரொம்ப தூரம் போவும்.

செப்டம்பர் 14

நாகர்கோவில் போயி ஒரு ரேடியோ வாங்கினேன். கடைக்காரன் சத்தியம் பண்ணாத குறை. "தண்ணில போட்டாலும் பாடும்க்கா." கலர் கலரா லைட்டு வேற, திருவிழாக் கொடிமரம் மாதிரி.

வீட்டுக்கு வந்து வாளியில கடல் தண்ணி மொண்டு அதுல முக்கினேன். ஒரு தடவ "கீ"ன்னுச்சு. அவ்வளவுதான், ஆத்துமா சாந்தியடையட்டும்.

செப்டம்பர் 15

திருப்பிக் குடுக்கப் போனேன். "தண்ணில போட்டாலும்னு ஒரு பேச்சுக்குச் சொல்லுறதுதான், நெசமாவே போடுவீங்களா?"ங்கிறான். எங்க ஆளுங்க நெசமாவே தண்ணிலதான் கெடக்காங்க தம்பின்னு சொன்னேன். கடையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாக்குற அளவுக்குச் சொன்னேன். வாங்கிக்கிட்டான்.

செப்டம்பர் 28

கடைசியா சரியான ஒண்ணு அம்புட்டுது. தபால்ல வந்துச்சு. பாக்க லட்சணமே இல்ல, கறுப்பா, செங்கல் கணக்கா இருக்கு. ஆனா சாமான் சரியான சாமான். மீடியம் வேவ் இருக்கு, சார்ட் வேவ் இருக்கு. சாதா பேட்டரிக்கட்டை போடலாம். கட்டை தீந்துபோனா பக்கத்துல ஒரு கைப்பிடி, அதைச் சுத்துனா கரண்டு ஏறும். மேல சூரிய வெளிச்சத்துக்கு ஒரு பட்டை. டார்ச்சு ஒண்ணு. அபாயச் சங்கு ஒண்ணு. அதைத் தெரியாத்தனமா அமுக்கி, பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரை ஏறிருச்சு.

என்னவெல்லாம் செஞ்சேன்னா: வாளித் தண்ணில ஒரு பகல் முழுக்க முக்கி வச்சேன். மிதந்துச்சு! மொட்டை மாடிப் படியிலேர்ந்து உருட்டி விட்டேன். வெயில்ல காயப்போட்டேன். மீன் கழுவுற இடத்துல உப்பும் செதிலும் பட வச்சேன். இன்ஜின் சத்தத்துல கேக்குமான்னு பாக்க, மாவு மில்லுக்குக் கொண்டுபோயி மெஷின் ஓடும்போது பாட்டு வச்சேன். மில்லுக்காரரு நான் பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடணும்னு சொன்னாரு. கேட்டுச்சு. தெளிவாக் கேட்டுச்சு.

கரண்டு போனா வீட்டுலயும் வச்சுக்கலாம். ஆனா இது வீட்டுக்கு இல்ல.

செப்டம்பர் 30

இவரு முதல்ல தொடவே இல்ல. "போட்டுல இதை எங்க வைக்க? கூட வர்றவனுவ சிரிப்பானுவ."

நான் பக்கத்துல உக்காந்து சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். "இது கேக்கும், பேசாது. நீங்க எங்க நிக்கீங்கன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. உங்க மடை உங்க மடையாவே இருக்கும். புயல் சேதி மட்டும் வந்துக்கிட்டே இருக்கும்."

கையில இருந்த உருண்டையை அப்படியே வச்சுக்கிட்டு யோசிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. "நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா பெரிய ஸ்ராங்கா வந்திருப்ப, டெல்பினே."

இந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க எனக்கு ஒரு மாசம் ஆயிருக்கு. கறிச்சோறு தின்ன மாதிரி இருந்துச்சு.

அக்டோபர் 5

தம்பி ததேயுவும் அவன் பெஞ்சாதி எமல்டாவும் மதியம் சாப்பாட்டுக்கு வந்தாங்க. ததேயுவும் ஸ்ராங்குதான், வேற போட்டு. அம்மா செத்தப்போ அவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது, நான் இடுப்புல வச்சு வளத்தவன். இப்ப பாரு, என் முன்னால மீசையை முறுக்குறான்.

உனக்கும் ஒண்ணு வாங்கித் தாறேன்லன்னேன். ரேடியோவ எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தான், கைப்பிடியச் சுத்துனான். அப்புறம் வச்சுட்டான்.

"எனக்கெதுக்குக்கா? நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான் போறோம். அத்தான் கையில இருந்தா என் கையில இருந்த மாதிரி. ஏதும்னா அத்தான் சொல்ல மாட்டாராக்கும்?"

"பின்ன, சொல்லாம?"ன்னாரு இவரு, மீன் தலையை உறிஞ்சிக்கிட்டு.

எமல்டாவுக்கு நாலாவது மாசம். புளிக்கொழம்பு கூட ரெண்டு கரண்டி வாங்கிக்கிட்டா.

அக்டோபர் 23

ரேடியோ நல்லா வேலை செய்யுதாம். ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. ஏதோ இவரே கண்டுபிடிச்ச மாதிரி.

நவம்பர் 19

ரெண்டு போட்டும் ஒரே நாள்ல போயிருக்கு. பேட்டரிக்கட்டை புதுசு போட்டு, பழசைத் தனியாக் கட்டிக் குடுத்தேன்.

நவம்பர் 27

தென்கிழக்குல காத்தழுத்தமாம். டிவியில அந்தப் படத்தைச் சுத்தவிட்டுச் சுத்தவிட்டுக் காட்டுறாங்க. எனக்கு அவ்வளவு பயம் இல்ல. ரேடியோ இருக்கு.

எமல்டா வந்து வாசல்ல நின்னா. "மைனி, அத்தானுக்கு ரேடியோல சேதி போயிருக்கும்லா?"ன்னு கேட்டா. போயிருக்கும்டி, ரெண்டு போட்டும் ஒண்ணாத் திரும்பி வரும், போய்த் தூங்குன்னு அனுப்பினேன்.

நவம்பர் 28

வந்துட்டாரு! மாதாவே, உனக்கு ஆயிரம் மெழுகுதிரி.

மத்தியானம் துறைமுகத்துல போட்டு வந்து அணைஞ்சுது. நான் ஓடினேன், செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சு. ரேடியோவுலதான் கேட்டாராம். நேத்துச் சாயங்காலமே சொல்லிட்டானாம், கடலுக்குள்ள இருக்குறவங்க கரைக்குத் திரும்பணும்னு. உடனே திரும்பிட்டாங்க. எல்லாரும் என்னையப் பாத்துக் கும்பிடாத குறை. பெட்டி எல்லாம் நெறஞ்சிருக்கு, கணவாய்தான். இப்படி ஒரு மீன்பாடு இந்த வருஷம் யாருக்கும் வரலன்னு ஏலக்காரங்க சொல்லுறாங்க.

"தம்பி எங்க?"ன்னேன்.

"அவன் தெக்க போயிருப்பான். நாங்க பாக்கல."

"வயர்லெஸ்ல கூப்பிட்டீங்களா?"

"ரேஞ்சு கிடைக்கல."

இவரு போட்டுல வேலை செய்யுற சூசையான் எப்பவும் எனக்கு ஒரு பை மீன் தந்துட்டுத்தான் போவான், ஒரு கேலியும் பண்ணிட்டு. இன்னைக்குப் பையைக் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போறான். களைப்பு இருக்கும்லா. இவரும் சோத்தை அளைஞ்சுட்டு எந்திரிச்சிட்டாரு. ரேடியோவ எடுத்துப் பீரோ மேல வச்சு, இனிமே இதைப் போடாத, காது வலிக்குதுன்னாரு. கடல்ல விடாமக் கேட்டுருப்பாரு, பாவம்.

நவம்பர் 29

காத்து. கூரை ஓடு பறக்குது. ததேயு போட்டு வரல.

நவம்பர் 30

வரல.

டிசம்பர் 4

கடற்கரையில பந்தல் போட்டு உக்காந்திருக்கோம். மூணு போட்டு வரல, நம்ம ததேயு போட்டும் அதுல ஒண்ணு. எமல்டா அழல. கடலைப் பாத்தே உக்காந்திருக்கா, யாரு தண்ணி குடுத்தாலும் குடிக்கிறா. கப்பலு தேடுது, ஹெலிகாப்டர் தேடுதுங்கிறாங்க. அதிகாரி ஒருத்தரு வந்து எல்லார்கிட்டயும் போட்டோ கேட்டாரு. தம்பி போட்டோன்னு என்கிட்ட இருந்தது அவன் சின்னப் பையனா முதல் நன்மை வாங்குனப்போ எடுத்ததுதான். அதை வச்சு எவனைத் தேடுவாங்க?

இவரு பந்தலுக்கு ஒரு நாளும் வரல. இன்ஜின் வேலை இருக்காம்.

டிசம்பர் 7

ஞாயிறு பூசையில ஃபாதர் என்னைப் பத்திப் பிரசங்கம் வச்சாரு. "ஒரு பெண்ணின் முன்யோசனை ஒரு படகையே காப்பாத்தியிருக்கு"ன்னு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. திரும்பி வராத மூணு போட்டுக் குடும்பமும் முன் வரிசையிலதான் உக்காந்திருந்தாங்க. அவங்களும் திரும்பிப் பாத்தாங்க. எனக்குப் பீடத்துக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு.

இவரு பூசைக்கு வந்து கடைசியில தூண் மறைவுல நின்னுட்டு, நற்கருணை வாங்காமப் போயிட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாங்காம இருந்ததில்ல.

டிசம்பர் 11

பனியடிமை உயிரோட இருக்கான்! ததேயு போட்டுல வேலைக்குப் போனவன். ஏதோ ஒரு சரக்குக் கப்பல் தூக்கிக் கோழிக்கோட்டுல இறக்கியிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கானாம். அவன் இருந்தா தம்பியும் இருப்பான். இருக்கணும்.

இவர்கிட்ட ஓடிப்போயிச் சொன்னேன். சந்தோசப்படுவாருன்னு பாத்தா, "பேசுற நெலமையில இருக்கானா?"ன்னு கேட்டாரு.

டிசம்பர் 15

பனியடிமையக் கூட்டிட்டு வந்துட்டாங்க. உதடெல்லாம் வெந்து கெடக்கு. போய்ப் பாத்தேன். எமல்டாவும் இருந்தா.

அவன் சொன்னதை அப்படியே எழுதுறேன். மாத்தி எழுத என்னால ஆவாது.

"அக்கா, அத்தான் போட்டு எங்களுக்குக் கிட்டத்தான் கெடந்துச்சு. லைட்டு தெரிஞ்சுது. பொழுது சாஞ்சதும் காத்து ஒரு மாதிரி வந்துச்சு. ததேயு அண்ணன் வயர்லெஸ்ல கூப்பிட்டாரு, அத்தான், ரேடியோல ஏதும் சொன்னானான்னு. பதில் இல்ல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. அப்புறம் அண்ணனே சொன்னாரு, அத்தான் மடையில நிக்காரு, அதான் வாயைத் தொறக்கல, விஷயம் ஏதும்னா சொல்லாம இருக்க மாட்டாருன்னு. அத்தான் நிக்காருன்னா பயமில்ல, நாமளும் நிப்போம்னாரு. அண்ணன் சிரிச்சாருக்கா. கொஞ்ச நேரத்துல அந்த லைட்டு அணைஞ்சுது. தூங்கப் போயிட்டாங்கன்னு நெனச்சோம். விடிஞ்சு பாத்தா அங்க போட்டே இல்ல."

அதுக்கப்புறம் அலையைப் பத்திச் சொன்னான். போட்டு கவுந்ததைச் சொன்னான். ததேயு தன் மிதவைய இவன் கழுத்துல மாட்டி விட்டதைச் சொன்னான். எனக்கு அது ஏறவே இல்ல. லைட்டு அணைஞ்சதுலயே நின்னுபோயிட்டேன்.

டிசம்பர் 16

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. கிளீட்டஸ் அதைவிட ரெண்டு மடங்கு ஓட்டிட்டான்.

கேட்டேன். வலை பின்னிக்கிட்டு இருந்தவன் நிமிரவே இல்ல.

"நீங்க அவன் கூப்பிட்டதைக் கேட்டீங்களா?"

"அன்னைக்கு வயர்லெஸ்ஸ அணைக்கல, கேட்டுச்சு. ஏட்டி டெல்பினே, ரேடியோல மழை காத்துன்னுதான் சொன்னான். இப்படி வரும்னு சொல்லல. எத்தன தடவ சொன்னான், எத்தன தடவ வந்திருக்கு?"

"அப்ப நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?"

பின்னுன கை நின்னுபோச்சு.

"ஒரு வார்த்தை. வயர்லெஸ்ஸ எடுத்து, ஏலே ததேயு, திரும்பிப் போன்னு ஒரே ஒரு வார்த்தை."

"சொன்னா எல்லாவனும் கேப்பான். சத்தத்தை வச்சு இடத்தைக் கண்டுபிடிப்பான். அது இருபது வருஷமாத் தேடுன மடை. நாளைக்கே போயி அள்ளியிருப்பானுவ."

"லைட்டை ஏன் அணைச்சீங்க?"

"கெளம்புறது தெரிஞ்சா, நாங்க நின்ன இடத்துக்கு வந்து பாப்பான்லா."

"யாரு வந்து பாப்பா? என் தம்பியா?"

திரும்பப் பின்ன ஆரம்பிச்சுக்கிட்டே, "நீதான சொன்ன, கேக்கும், பேசாதுன்னு"ன்னான்.

செருப்பால அடிச்சா மாதிரி இருந்துச்சு. நான் ரேடியோவத்தான் சொன்னேன், பாவி. மனுஷனையாடா சொன்னேன்?

டிசம்பர் 17

எனக்கு இருந்தது ஒரே தம்பி.

டிசம்பர் 21

ஃபாதர் கடைக்கு வந்தாரு. வெளிநாட்டுலேர்ந்து யாரோ உதவி பண்ணுறாங்களாம், ஊருல உள்ள எல்லாப் போட்டுக்கும் ரேடியோ வாங்கப் போறாங்களாம். "எது நல்லதுன்னு நீதாம்மா தேர்ந்தெடுக்கணும்"ன்னாரு.

ரேடியோ எதுனாலும் நல்லதுதான் ஃபாதர், அதைக் கேக்குறவனை யாரு தேர்ந்தெடுக்கிறதுன்னேன். அவருக்குப் புரியல. துக்கத்துல பேசுறேன்னு நெனச்சுத் தலையில கை வச்சு ஆசீர்வதிச்சுட்டுப் போனாரு. நானும் விளக்கல. வாய் வரைக்கும் வந்துச்சு, விழுங்கிட்டேன். இந்த ஊருல பொறந்தவதானே நானும்.

டிசம்பர் 25

மாட்டுத்தொழுவத்துல பாலனை வச்சாங்க. போய்ப் பாக்கல.

டிசம்பர் 30

கிளீட்டஸ் திரும்பக் கடலுக்குப் போறதுக்குச் சாமான் ஏத்துறான். ஐஸ், டீசல், அரிசி. அதே மடைக்குத்தான். சூசையான்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தது காதுல விழுந்துச்சு: "இப்ப அங்க வேற போட்டு கெடையாது." சூசையான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஐஸ் உடைச்சுக்கிட்டு இருந்தான்.

ஜனவரி 6

கிளீட்டஸ் நேத்துக் கடல்லேர்ந்து திரும்பிட்டான். காணாமப் போனவங்கள இனித் தேட மாட்டாங்களாம். எமல்டா வீட்டுல பெரியவங்க கூடிப் பேசி, அடக்கம் வச்சுரலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. கடல்ல போயி உடல் கிடைக்காதவங்களுக்கு எங்க ஊருல பெட்டிக்குள்ள அவங்க துணியை வச்சுக் கல்லறைக்குக் கொண்டு போவோம். அவ வயித்துப் பிள்ளை அசையுதாம். என் கையை எடுத்து வச்சுக் காட்டினா.

ஜனவரி 8

இன்னைக்கு அடக்கம்.

பெட்டியில கல்யாணச் சட்டையும் ரெண்டு கைலியும் வச்சா எமல்டா. ஒரு சட்டையை மட்டும் திரும்ப எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

தலைமாட்டுல தோள் குடுக்குற முறை எங்க ஊருல அக்கா புருஷனுக்குத்தான். கோயில் உபதேசியார் கூப்பிட்டாரு. கிளீட்டஸ் புது வேட்டி கட்டி, மேல் துண்டை இடுப்புல சுத்திக்கிட்டு வந்து குனிஞ்சான். எமல்டா பெட்டி மேல கையை வச்சா.

"அத்தான், நீங்க தூக்க வேண்டாம்."

சத்தமாக்கூடச் சொல்லல. ஆனா பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தவங்க நிறுத்திட்டாங்க. பனியடிமை சுவத்துல சாஞ்சு நின்னான், தரையைப் பாத்துக்கிட்டு. சூசையான் தொப்பியக் கழத்திட்டான்.

"என்ன பிள்ளை, முறை அவருக்குத்தான?"ன்னாரு உபதேசியார்.

எமல்டா என்னையப் பாத்தா. கிளீட்டஸும் என்னையப் பாத்தான், ஏதாவது சொல்லிச் சமாளின்னு கெஞ்சுற மாதிரி. நாப்பது வயசு ஆம்பளையோட கண்ணை அப்படிப் பாக்க எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பதினெட்டு வருஷம் கூட இருந்து சாப்பிட்ட மனுஷன். ஆனா அந்தக் கண்ணு கேட்டதும் அதேதான், வாயைத் தொறக்காதேன்னு.

நான் தொறந்தேன். "இவரு ரேடியோல புயல் சேதியைக் கேட்டாரு. என் தம்பி வயர்லெஸ்ல கூப்பிட்டதையும் கேட்டாரு. மடை தெரிஞ்சிரும்னு பதில் சொல்லாம, லைட்டை அணைச்சுட்டுக் கெளம்பி வந்துட்டாரு. அதனாலதான் இவரு தூக்கக் கூடாது."

யாரும் கத்தல. அடிக்க வரல. வருவாங்கன்னு நெனச்சேன். அங்க நின்ன ஸ்ராங்கு ஒவ்வொருத்தரும் கீழ பாத்தாங்க. ஒருத்தன் முகத்துலயும் அதிர்ச்சி இல்ல. அவனவன் தன் மடையத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தான்.

அப்புறம் பொம்பளைங்க தூக்குற வழக்கம் இல்லன்னு யாரோ சொல்லச் சொல்ல, தலைமாட்டுல நானே தோள் குடுத்தேன். மூணு ஆம்பளைங்களும் நானும். பெட்டி கனமே இல்ல. இடுப்புல வச்சிருந்தப்போ என் தம்பி இதைவிடக் கனமா இருந்தான்.

வீட்டுக்கு வந்து கஞ்சி வச்சேன். ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டேன். இருட்டுனப்புறம் கிளீட்டஸ் வந்தான். பானையைத் தொறந்து பாத்தான். மூடி வச்சுட்டுத் திரும்பக் கடற்கரைப் பக்கம் போயிட்டான்.